பேராக் தோட்டங்களில் சங்கக் கிளை யார் கையில் இருந்தது?

பிரிட்டனின் ரயில்பாதைகள் 1948 ஜனவரி முதல் நாள் அரசுடைமை ஆயின. அந்நாட்டு ரயில்வே சங்கங்கள் ஒரு தலைமுறைக்கு மேலாகக் கேட்டுவந்த கோரிக்கை அது. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் மலாயாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதற்குள் பெருகி வளர்ந்திருந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் சில மாதங்களில் சரிந்து விழுந்தன. இரண்டு நாடுகளையும் அப்போது ஆண்டுகொண்டிருந்தது லண்டனில் இருந்த ஒரே தொழிற்கட்சி அரசுதான்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1954-இல், ஐந்து சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பேராக் தோட்டத் தொழிலாளரின் சங்கமும் அந்த ஐந்தில் ஒன்று. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழர். நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாகப் பல பத்தாண்டுகள் அது விளங்கியது. ஆனால் அது யாருடைய சங்கம்? தொழிலாளி தானே கட்டிக்கொண்டதா, காலனி அரசு கட்டிக் கொடுத்ததா, முதலாளி பொறுத்துக்கொண்டதா? அதிகாரிகள், கம்யூனிஸ்டுகள், வரலாற்றாசிரியர்கள், பொருளியலாளர்கள், களப்பணியாளர்கள் என்று பலரும் எழுபது ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். அந்தப் பதில்களையும் அவை தடுமாறும் இடங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

ரயில்வேக்காரர்கள் கொண்டுவந்த மாதிரி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலாயாவுக்குத் தொழிற்சங்க ஆலோசகராக வந்தவர் ஜான் பிரேசியர். பிரிட்டனின் தேசிய ரயில்வேத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். மலாயாவின் தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்து 1948-இல் அறிக்கை தந்த இருவரில் ஒருவரான எஃப்.டபிள்யூ. டாலி, ரயில்வே எழுத்தர் சங்கத்தைச் சேர்ந்தவர். மற்றவர் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டான்லி ஆபரி. ஆக, பேராக் தோட்டத்துப் பால்மரம் வெட்டுகிறவருக்கு எத்தகைய சங்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தவர்களில் முக்கியமான இருவர் பிரிட்டன் ரயில்வேயில் பழகிய கண்ணோடு பார்த்தவர்கள். இந்த உண்மைக்கு ஆய்வுகளில் உரிய கவனம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

பிரிட்டனில் ரயில்வே சங்கத்தின் உயிர் அதன் கிளையில் இருந்தது. ஒரு நிலையத்திலோ எஞ்சின் கொட்டகையிலோ வேலை செய்பவர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒருவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். வேலை நேரம் முடிந்து ஊரிலுள்ள ஏதாவதொரு மண்டபத்திலோ மதுக்கடை மாடியறையிலோ கூடுவார்கள். சந்தா கைக்குக் கை வசூலாகும். தீர்மானங்கள் கிளையிலிருந்து மேலே போகும். அந்தக் கூட்டம் நடந்த இடம் பெரும்பாலும் ரயில்வே நிர்வாகத்தின் இடமாக இருந்ததில்லை.

பிரேசியர் விரும்பியதும் ஏறத்தாழ இதுவே. ஒரு தொழிலுக்கு ஒரு சங்கம், அந்தத் தொழிலைச் செய்கிறவரே பொறுப்பாளர், ஒழுங்கான கணக்கு, கட்சிகளின் தலையீடு இல்லாமை. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லாத வரைவு.

தோட்டத்தின் அமைப்பு வேறு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கங்காணியோ மண்டோரோ நிரை பிரித்துவிடுவார். வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பால் எடுத்து, கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்த பிறகு கிராணி செக்ரோலில் பதிவார். அவர் எழுதிய கணக்கே கணக்கு. காலையில் மழை பிடித்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. குடியிருக்கும் லயம், மளிகைக் கடை, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்து நிலத்தில் நின்றன. வெளியிலிருந்து வரும் சங்கக்காரரை அத்துமீறி நுழைந்தவர் என்று துரை தடுத்துவிட முடியும், போலீசிலும் ஒப்படைக்க முடியும். வேலை போனால் அந்த வாரமே லயத்தைக் காலி செய்ய வேண்டியும் வரலாம். இப்படிப்பட்ட மண்ணில் ரயில்வே கிளையை நட்டால் வேர் பிடிக்குமா என்பதே அடிப்படைக் கேள்வி. வந்த பதில்களில் பல இதைத் தொடாமலே கடந்து போயின.

ஊடுருவல் என்ற விளக்கம்

முதல் பதில் அதிகாரிகளுடையது. 1946-இல் உருவாகி, 1947-இல் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனமாக மாறிய அமைப்பு மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் கைப்பாவை. தொழிலாளிக்குச் சங்கம் என்றால் என்ன என்றே தெரியாத நேரத்தில் கட்சி உள்ளே புகுந்து, மிரட்டிச் சந்தா வாங்கி, தேவையற்ற வேலைநிறுத்தங்களைத் தூண்டியது. அந்தக் களையைப் பிடுங்கிய பிறகே உண்மையான தொழிற்சங்கம் முளைத்தது என்பது இந்த வாதம். இதை முழுதாக ஏற்காமல், ஆனால் இதன் சட்டகத்துக்குள் நின்று விரிவான வரலாறு எழுதியவர் சார்ல்ஸ் கம்பா. 1962-இல் வந்த அவருடைய நூல்கள் இன்றும் தகவலுக்குப் புரட்டப்படுகின்றன. அரசின் தாமதத்தையும் முதலாளிமாரின் பிடிவாதத்தையும் அவர் மறைக்கவில்லை.

இந்த விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. சம்மேளனத்தின் தலைமை கட்சிக்காரர்கள் கையில் இருந்தது. பேராக் சித்தியவானில் பிறந்து கட்சியின் பொதுச்செயலாளரான சின் பெங், 2003-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதை ஒளிக்கவில்லை.

ஆனால் தூண்டுதல் என்ற ஒன்றை வைத்துப் பேராக்கில் நடந்தவற்றை விளக்க முடியாது. 1945 அக்டோபரில், பிரிட்டிஷ் ராணுவம் திரும்பி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட் ஆகிய ஊர்களில் மக்கள் அரிசி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். துருப்புகள் சுட்டன, உயிர்கள் போயின. பஞ்சமும் ஏறிய விலையும், ஜப்பானிய நோட்டுச் செல்லாமல் போனதால் கரைந்த சேமிப்பும் அவர்களைக் கூட்டின. கட்சி அந்தக் கோபத்துக்கு வடிவம் கொடுத்தது என்று சொல்லலாம். கோபத்தையே உண்டாக்கியது என்று சொல்வது பொருந்தாது. தோட்டங்களில் எழுந்த கோரிக்கைகளும் இத்தகையவையே. கூலி உயர்வு, குறைக்கப்பட்ட குத்தகைக் கூலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல், அடித்த கிராணியை மாற்றுதல், வேலை நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்த்தல். இவற்றைக் கேட்கத் தோட்டத் தமிழருக்கு மார்க்ஸியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடக்குமுறை என்ற விளக்கம்

நியூசிலாந்து வரலாற்றாசிரியர் மைக்கேல் ஸ்டென்சன் 1969-இலும் 1970-இலும் வெளியிட்ட நூல்கள் கேள்வியையே திருப்பிப் போட்டன. சங்கங்களைக் கெடுத்தது கட்சி என்று அரசு சொல்கிறது; சட்டத்துக்குட்பட்ட வழிகளை அரசே ஒவ்வொன்றாக அடைத்ததல்லவா ஆயுதத்துக்கு வழி திறந்தது என்று அவர் கேட்டார்.

அவருக்கு ஆதாரமாக நிற்கும் தேதிகள் கூர்மையானவை. துரைமார் கொல்லப்படுவதற்கு நான்கு நாட்கள் முன்பு, 1948 ஜூன் 12-இல், தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் இல்லாதவர் அந்தத் தொழிலின் சங்கத்தில் பொறுப்பு வகிக்கக் கூடாது. வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் சேரக் கூடாது. இந்த இரண்டு விதிகளே சம்மேளனத்தை முடித்துவிடப் போதுமானவை. பேராக் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய ஆர்.ஜி. பாலன் அவசரகாலத்துக்கு முன்பே கைதானார். தடுப்புக் காவலில் இருந்தபடியே பின்னாளில் கட்சியின் துணைத் தலைவராக அறிவிக்கப்பட்டார். சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசு தலையிட்டும் பயனில்லை. அதற்கு முந்தைய நாள், இன்னொரு தமிழ்ச் சங்கத் தலைவரான வீரசேனன் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் இந்த இரு பெயர்களும் பல காலம் பேசப்பட்டன.

ஸ்டென்சனின் வாதத்துக்கு எதிராக நிற்பதும் ஆவணங்களே. அவசரகால வரலாற்றை 1975-இல் எழுதிய அந்தோணி ஷார்ட் உள்ளிட்டோர், 1948-இன் முற்பாதியில் கட்சியின் மத்தியக் குழு ஆயுதப் போராட்டத்தை நோக்கித் திரும்பிவிட்டதைக் காட்டினார்கள். சுங்கை சிப்புட் கொலைகள் மேலிடத்து உத்தரவால் நடந்தவை அல்ல என்று சின் பெங் எழுதியிருப்பதை இத்துடன் சேர்த்துப் படித்தால், இரு தரப்பும் மோதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில் உள்ளூர் நிகழ்வொன்று தீப்பொறியாகியது என்று கொள்வது ஏற்கத்தக்கதாகத் தெரிகிறது.

இரு தரப்பு எழுத்திலும் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. பேராக் தோட்டங்களில் இருந்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் காட்டுக்குப் போகவில்லை. அரசுக்காக ஆர்வத்தோடு முன்வரவும் இல்லை. லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவு ஊரடங்கு, அளந்து தரப்பட்ட அரிசி, வெட்டுக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கைச் சோதித்த காவலர்கள். இவற்றுக்கு நடுவே அவர்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருந்தொகையினர் சங்கத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது இந்த விவாதத்தில் ஏறவே இல்லை.

போர் தந்த துணிச்சல்

அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்ற மூன்றாவது பதில், தோட்டத் தமிழர் மனத்தில் நடந்த மாற்றத்திலிருந்து தொடங்குகிறது. சின்னப்பா அரசரத்தினம் 1970-இல் எழுதிய நூலும், ஸ்டென்சன் பின்னாளில் இந்தியர் பற்றித் தனியே எழுதியதும் இந்தத் திசையில் போனவை.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியோர் நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வேறு கோரிக்கைகளும் இருந்தன. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கவனித்துப் படிக்க வேண்டும். இறங்கி நின்ற அந்தச் சில நொடிகள் எவ்வளவு காலமாக உறுத்திக்கொண்டிருந்தால் அது எழுத்தில் ஒரு கோரிக்கையாக வந்திருக்கும்!

பிறகு ஜப்பானியர் வந்தனர். தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழரைச் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்களில் பல்லாயிரவர் அந்தக் காட்டிலேயே மடிந்தனர். இன்னொரு புறம் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம் தோட்டத்து இளைஞரையும் பெண்களையும் சீருடை அணிய வைத்தது. கணபதியும் அந்தப் படையில் இருந்தவரே. போர் முடிந்து துரை திரும்பி வந்தபோது லயத்தில் பார்த்தது பழைய ஆட்களை அல்ல. கெடாவில் 1946–47-இல் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியல் செய்து, கட்டுப்பாட்டோடு அணிவகுத்து, போலீஸ் தாக்குதலில் உயிர்ப்பலியும் கொடுத்தது இந்த மாற்றத்தின் வெளிப்பாடு.

மனிதரை மையத்தில் வைப்பது இந்த விளக்கத்தின் பலம். சான்றுகள் பெரும்பாலும் சிலாங்கூரையும் கெடாவையும் சேர்ந்தவை என்பது அதன் குறை. பேராக்கில் தோட்டங்களோடு ஈயச் சுரங்கங்களும் சீனத் தொழிலாளரும் நெருங்கி இருந்தார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஒரே சாலையின் ஒரு பக்கம் ஈயலம்பம், மறுபக்கம் பால்மரக் காடு. இங்கே தமிழர் எழுச்சி அதே தடத்தில் நடந்தது என்று முடிவு கட்டுவது அவசரமாகும்.

1954-க்குப் பிறகு: பாதுகாப்பா, கட்டுப்பாடா?

தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முகமாக நான்கு பத்தாண்டுகள் இருந்தவர் பி.பி. நாராயணன். கேரளத்தில் பிறந்தவர். சங்கம் தோன்றியதிலிருந்து 1996-இல் மறையும் வரை அதன் பொதுச்செயலாளர். 1962-இல் மக்சேசே விருது பெற்றவர்; உலகச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்கு 1975 முதல் 1992 வரை தலைவராக இருந்தவர். ஒரு தோட்டத் தொழிலாளர் சங்கத்திலிருந்து உலக அரங்கின் உச்சிக்குப் போனது சிறிய செய்தியல்ல.

சங்கத்தை ஆதரித்து எழுதுபவர்கள் அதன் பலன்களைப் பட்டியலிடுவார்கள். தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தம், சம்பளத்தோடு விடுமுறை, நோய்க்கால ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, தமிழில் சங்கமணி ஏடு. அவசரகாலத்தின் நடுவே, துப்பாக்கிக்கும் துப்பாக்கிக்கும் இடையில், சட்டத்தின் நிழலில் ஒரு சங்கத்தை நிலைநிறுத்துவதற்கு அதைவிட வேறு வழி இருந்ததா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தோட்டத்துக்குள்ளேயும் மாற்றம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் எழுதிய நூல், சங்கத்தின் வருகை கங்காணியைச் சுற்றி இருந்த பழைய அதிகார ஒழுங்கை எப்படி அசைத்தது என்பதைக் காட்டுகிறது. குறையைச் சொல்லக் கங்காணி வீட்டு வாசலில் காத்துக் கிடந்தவர், தம் பக்கத்து லயத்துக்காரரைத் தலைவராகக் கொண்டு ஆபீசுக்குப் போக முடிந்தது. அதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது.

மறுதரப்பின் வலுவான குரல் பி. இராமசாமியுடையது. இவரும் சித்தியவானில் பிறந்தவர்; பின்னாளில் பினாங்கின் துணை முதல்வரானவர். 1994-இல் வந்த அவருடைய ஆய்வு நூல், அரசும் மூலதனமும் சங்கத்தை எப்படித் தொழிலாளரைக் கட்டுக்குள் வைக்கும் அமைப்பாக்கின என்று விவரிக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த ஜோமோ, பெட்ரிஷியா டாட் இருவரின் நூலும், 1960-களில் சட்டம் வேலைநிறுத்த உரிமையை எப்படி இறுக்கியது என்று காட்டியது. வழக்குகள் தொழில் நீதிமன்றத்துக்குப் போயின. பேரம் தலைமையகத்தில் நடந்தது. சந்தாவை முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்பும் முறை வந்தபோது, மாதாமாதம் லயத்துக்கு வந்து முகம் பார்த்துச் சந்தா வாங்க வேண்டிய தேவையும் போயிற்று. தேசியச் சங்கத்துக்கு வெளியே எழுந்த முயற்சிகள் நெடுநாள் தாங்கவில்லை. 1967-இல் மலாக்காவின் புக்கிட் ஆசஹான் தோட்டத்தார் கோலாலம்பூர் நோக்கி நடந்த நெடுநடை அவற்றுள் நினைவில் நிற்பது.

இந்த விமர்சனம் பெரும்பாலும் சரியானதே. ஆனால் இதில் ஒரு சறுக்கல் உண்டு. தலைமையின் தன்மையிலிருந்து கிளையின் தன்மையை ஊகித்துவிடுகிறது. நாராயணன் மலையாளி, கிராணிமாரும் மலையாளிகள், ஆகவே சங்கம் தமிழ்த் தொழிலாளிக்கு அந்நியம் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது இதன் எளிய வடிவம். தோட்டக் குழுத் தலைவர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் பால்மரம் வெட்டிய தமிழர்கள்தாம். அவர்களுடைய கை ஏன் ஓங்கவில்லை என்பதை இனம் விளக்காது.

தண்டவாளமும் பால்மரமும்

இங்கே பேராக்கின் மற்றொரு தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தை அருகே வைத்துப் பார்க்கலாம். மலாயாவின் முதல் ரயில்பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்குப் போடப்பட்டது; இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் போட்டது. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். தண்டவாளம் பராமரித்த கூட்டங்களில் தமிழகத்துத் தொழிலாளர் நிறைந்திருந்தனர். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்து 1917-இல் முடிந்த ஈப்போ நிலையம் அந்த உலகின் பேராக் தலைநகரமாக இருந்தது.

1962-இன் இறுதியில் மலாயா ரயில்வேத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாட்கூலிக்காரர்களை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கை. ஏறத்தாழ மூன்று வாரம் நாட்டின் ரயில்கள் நின்றன. ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

தோட்டத் தொழிலாளியும் அதையேதான் கேட்டார். மழை பெய்தாலும் இலையுதிர் காலத்தில் பால் வற்றினாலும் அடுப்பு எரிய வேண்டுமே. அவருக்கு மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில்தான், 350 வெள்ளி அளவில், அதுவும் நிபந்தனைகளோடு வந்தது. இடைவெளி நாற்பது ஆண்டு.

ஏன்? ரயில் நின்றால் நாடு நிற்கும். பால்மரத்தைச் சில வாரம் வெட்டாமல் விட்டால் மரம் ஓய்வெடுத்துக்கொள்ளும், முதலாளிக்கு உடனடி நட்டம் குறைவு. இது ஒரு விடை. இரண்டாவதாக, ரயில்வேக்கு முதலாளி ஒருவரே, அவரும் அரசு. தேர்தலுக்கு அஞ்ச வேண்டியவர். தோட்டத்துக்கோ நூற்றுக்கணக்கான கம்பெனிகள். மூன்றாவதாக, ரயில்வே சங்கத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். அரசு அதை ஒரு சிறுபான்மையின் பிரச்சினையாக ஒதுக்க முடியவில்லை.

இவற்றோடு இருப்பிடத்தையும் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. ரயில்வே குவார்ட்டர்ஸும் முதலாளியின் வீடுதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டியதுதான். ஆனால் அது ஊருக்குள் இருந்தது. ஈப்போவில் ரயில்வே தொழிலாளி வாசலைத் தாண்டினால் பொதுச் சாலை, கடைத்தெரு, வாசகசாலை, கல்லுமலைக் கோயில். யாரைக் கேட்டும் அனுமதி வாங்காமல் பத்துப் பேர் கூட முடியும். பிரேசியர் அறிந்திருந்த கிளைக்கு இருந்த அதே வசதி. சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் அந்த வசதி கிடையாது. கிளைக் கூட்டம் நடக்கும் திடலும் துரையுடையது. கூட்டம் முடிந்து திரும்பிப் போகும் வீடும் துரையுடையது. சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்த நிலையில் கிளை தலைமையகத்தின் தயவையும் நிர்வாகத்தின் பொறுமையையும் நம்பித்தான் நின்றிருக்க முடியும்.

நிலத்தை நோக்கித் திரும்பியவர்கள்

சங்கம் என்ற வழியின் எல்லையை உணர்ந்து நிலத்தின் பக்கம் திரும்பியவர் சுங்கை சிப்புட்டிலேயே பிறந்து வளர்ந்த வீ.தி. சம்பந்தன். 1950-களின் பிற்பாதியில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின; வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர்; லயத்தார் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். உங்கு அஜிஸ் தலைமையிலான குழு 1963-இல் இந்தத் துண்டாடலின் கேடுகளை விரிவாகப் பதிவு செய்தது. அதற்கு முன்பே, 1960-இல், சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளரை மாதம் 10 வெள்ளி தவணை கட்டச் சொன்னார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் 1961-இல் முதலில் வாங்கப்பட்டது.

அரிய முயற்சி அது, இன்றும் நிற்கிறது. ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு 10 வெள்ளித் தவணைகள் ஈடுகொடுக்க முடியவில்லை. கூட்டுறவுத் தோட்டத்தில் பங்கு வைத்திருந்தாலும் அங்கே மரம் வெட்டுகிறவர் கூலியாகவே இருந்தார். தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கமும் காட்கோ என்ற நிறுவனத்தின் வழியே நெகிரி செம்பிலானில் நிலக் குடியேற்றத்தில் இறங்கியது. அது நிலத்தைக் கொடுத்ததைவிட நெடிய வழக்குகளையே மிச்சம் வைத்தது. 1969-இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமை இல்லாத பல்லாயிரம் தோட்டத் தமிழரைக் கப்பலேற்றியபோது, சங்கத்தாலும் கூட்டுறவாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

1980-கள் முதல் ரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்தது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட் புறம்போக்குகளிலும் குடியேறினர். ஈப்போவில் மருத்துவராக இருந்த மைக்கேல் ஜெயக்குமாரும் அலைகள் போன்ற அமைப்புகளும் இவர்களிடையே வேலை செய்தார்கள். வீட்டுரிமை, மாதச் சம்பளம், குறைந்தபட்ச ஊதியம் ஆகியவற்றைச் சங்கத்துக்கு வெளியே இயக்கமாக்கினார்கள். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைக் கையில் வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலுவை 2008-இல் ஜெயக்குமார் தோற்கடித்தார். 2013-இல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்து, தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நிர்ணயமானது. எந்த அமைப்பின் உழைப்புக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். தோட்டத்தைவிட்டு வெளியேறி, யாருடைய அனுமதியும் வேண்டாத தெருவில் குடியிருந்தபோதுதான் இந்த மக்கள் அரசியலில் ஓங்கிப் பேச முடிந்தது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தத் தெருவுக்கு வர அவர்கள் வேலையையும் வீட்டையும் இழக்க வேண்டியிருந்தது.

விடை தேடி நிற்பவை

இருப்பிடத்தை முதன்மைப்படுத்தும் இந்த வாசிப்புக்கும் சோதனைகள் பாக்கி உண்டு. தொண்டர் படை வளர்ந்ததும் இதே போன்ற லயங்களில்தான். துரைக்குச் சொந்தமான திடலில் அவர்களால் அணிவகுக்க முடிந்தது என்றால், லயம் மனிதரைக் கட்டிப்போடுகிறது என்ற வாதம் முழுமையானதல்ல. நெருங்கி வாழ்வதே சில வேளைகளில் துணிச்சலையும் தருகிறது போலும். எந்தச் சூழலில் அது பயமாகிறது, எந்தச் சூழலில் பலமாகிறது என்பதற்குத் தோட்டவாரியான ஆய்வுதான் விடை தரும். பெரிய பிரிட்டிஷ் கம்பெனித் தோட்டத்தையும் அதன் வேலிக்கு அப்பால் இருந்த செட்டியார், சீனர் தோட்டங்களையும் அருகருகே வைத்துப் பேராக்கில் அதைச் செய்யலாம்.

பெண்களைப் பற்றிய கேள்வி இதைவிடப் பெரியது. 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி நிர்ணயித்த காலத்திலிருந்து பெண்கள் இந்தத் தொழிலின் பாதி பாரத்தைச் சுமந்தவர்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஆண்களுக்குச் சமமாக நிரை எடுத்தவர்கள். சங்க வரலாறுகளில் அவர்கள் பெயரோடு வருவது அரிது. குழுக் கூட்டம் மாலையில் நடக்கும்போது அவர்கள் அடுப்படியில் இருந்தார்கள் என்றால், கிளை யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு லயத்துக்குள்ளேயே இன்னொரு விடை இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பெண்களில் சிலர் இன்னும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் காலம் குறைந்துகொண்டே வருகிறது.

பேராக் செம்பனைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். இவர்களுக்கு வீட்டோடு நாட்டில் இருக்கும் உரிமையே முதலாளியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. வேலை போனால் பெர்மிட் போகும். 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வெளிநாட்டவர் சங்கத்தில் உறுப்பினராவதைத் தடுக்கவில்லை. பொறுப்புக்கு வருவதைத் தடுத்தது. தமிழர் பெயரோடு வளர்ந்த ஒரு சங்கம் இவர்களைத் தன் கிளைக்குள் எப்படிச் சேர்க்கிறது, சேர்ந்தவர்கள் எந்த மொழியில் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்கிறவருக்கு, 1948-க்கு முந்தைய லயத்து வாழ்க்கை பற்றிய பழைய கோப்புகள் மீண்டும் தேவைப்படும்.